கடலோரத்தில் பெரியவர்களுக்கு என்ன வேலை?

கடற்கரைக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னால், நம்மவர் வீடுகளில் உடனே எழும் கேள்வி, "பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையா?" என்பதுதான். பிள்ளையில்லாத தம்பதிகளோ, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட முதியவர்களோ, ஒரு காரணமுமின்றிக் கடலோரம் சென்று இரண்டு நாள் தங்கி வந்தார்கள் என்றால், "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். கடலும் மணலும் குழந்தைகளுக்கு உரியவை. பெரியவர்கள் அங்கே போவது குழந்தைகளைக் காவல் காப்பதற்கும், சோறாக்கிப் போடுவதற்கும், வண்டி ஓட்டுவதற்குமே என்பது நம்மிடையே எழுதாத விதியாக இருந்து வருகிறது. இவ்விதி நியாயமானதா? வளர்ந்த ஆணும் பெண்ணும் கடலோரத்தில் தமக்கென்று செய்துகொள்ளத்தக்க காரியம் ஏதேனும் உண்டா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விஷயம் சிறியது போலத் தோன்றலாம். ஆனால் ஓய்வைப் பற்றி ஒரு சமூகம் என்ன நினைக்கிறது என்பதைக் கொண்டு, மனிதனைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்பதை நாம் கண்டுகொள்ளலாம்.

முதலில், இன்று நடப்பது என்ன என்று பார்ப்போம். நம் புக்கிட் காத்தில் வட்டாரத்திலிருந்து கடல் பத்து மைலுக்குள் இருக்கிறது. இன்னும் சற்றுத் தூரம் போகச் சம்மதித்தால், தஞ்சோங் கிளிங், பெங்காலான் பாலாக், தஞ்சோங் பிடாரா, அவற்றுக்கும் அப்பால் போர்ட் டிக்சன் என்று கரை நெடுக இடங்கள் உண்டு. ஆண்டுக்கொரு முறை ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பேசி, நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து புறப்படுகிறோம். அன்றைக்குப் பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுகிறார்கள். கடற்கரை சேர்ந்ததும் மரநிழலில் பாய் விரித்து, பரிமாறி, பாத்திரங்களைக் கழுவி, ஈரத்துணிகளைப் பிழிந்து கட்டுகிறார்கள். ஆண்களில் சிலர் பஸ்ஸுக்குப் பின்புறம் புட்டிகளோடு ஒதுங்குகிறார்கள், சிலர் சீட்டு விளையாடுகிறார்கள், சிலர் தூங்குகிறார்கள். பிள்ளைகள் மட்டுமே நீரில் இறங்குகிறார்கள். மாலை நான்கு மணிக்கு எல்லாரும் ஏறித் திரும்புகிறோம். மறுநாள் உடம்பு வலி. இதில் ஓய்வெடுத்தவர் யார்? கடலைக் கண்டவர் யார்? நெஞ்சில் கை வைத்துச் சொல்வதென்றால், பிள்ளைகளைத் தவிர ஒருவருமில்லை.

இந்நிலைக்கு நம் மக்களுடைய சோம்பலையோ அறியாமையையோ குறை கூறிப் பயனில்லை. காரணம் நம் வரலாற்றில் இருக்கிறது. நம் முன்னோர் இந்நாட்டிற்குக் கடல் வழியாகவே வந்தனர். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா முதலிய கப்பல்களின் மேல்தட்டில், பாய் விரித்த அளவே தமக்குரிய இடமாகக் கொண்டு வந்து இறங்கியவர்களுக்குக் கடல் என்றால் பிரிவு என்றே பொருள். கரையேறியவுடன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரப்பர்க் காட்டுக்குள் நடந்தார்கள். பிறகு அவர்கள் கடலைப் பார்க்க நேர்ந்ததெல்லாம் பெரும்பாலும் சடங்கிற்காகவே. மாசி மகத்தில் தீர்த்தமாடவும், ஆடி அமாவாசையில் தர்ப்பணம் செய்யவும், இறந்தவர் சாம்பலைக் கரைக்கவும், பூலாவ் பெசார் தீவுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் படகேறவும் போவார்கள்; இவையே கடலுக்குப் போகத் தக்க காரணங்களாகக் கருதப்பட்டன. ஆக, நம்மவர் கடலுக்குப் போக ஒரு சாமியோ ஒரு சாவோ தேவையாக இருந்தது. வெறும் மகிழ்ச்சிக்காகப் போகலாம் என்ற எண்ணத்துக்கு இடமே இருக்கவில்லை.

தமிழர் என்றுமே இப்படித்தான் இருந்தார்கள் என்று யாரேனும் சொல்வாராயின், அது சரியன்று. கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலை ஐந்திணைகளுள் ஒன்றாக வகுத்து, அதன் கரையிலே காதலர் மனத்தை ஆராய்ந்தவர்கள் நம் பழம் புலவர்கள். சிலப்பதிகாரத்தில் 'கடலாடு காதை' என்றே ஒரு காதை இருக்கிறது. இந்திர விழாவை ஒட்டிப் புகார் நகரத்தார் கடற்கரையில் கூடியதும், வணிகர் விளக்குகளால் இரவு மணல்வெளி ஒளி பெற்றதும் அதில் சொல்லப்படுகின்றன. கோவலனும் மாதவியும் அங்கே சென்றது பிள்ளைகளுக்குக் காவலாக அன்று, தமக்காகவே சென்றார்கள். பின் நூற்றாண்டுகளிலும் சென்னை நகரத்தில் 1880-களில் கவர்னர் கிராண்ட் டப் கடலோரத்தில் உலாவும் சாலை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயரிட்டபின், மாலை நேரத்தில் காற்று வாங்குவது வளர்ந்தவர்களுடைய அன்றாட வழக்கமாயிற்று. அம்மணலிலேதான் 1938-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கட்டாய இந்தியை எதிர்த்த பெருங்கூட்டம் கூடித் தமிழ்நாடு தமிழருக்கே என்று முழங்கிற்று. ஆகவே கடற்கரையில் காதலிக்கவும், உலாவவும், நாட்டு நடப்பை ஆராயவும் பெரியவர்களுக்கு உரிமையுண்டு என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதை மறந்தவர்கள் தோட்டத்துக்கு வந்த நாமே.

மறந்தோம் என்பதைவிட மறக்கடிக்கப்பட்டோம் என்பதே பொருந்தும். தோட்டத்தில் ஓய்வுக்கு என்ன பொருள் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் மணி அடிக்கும். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். எந்த நிரையில் நிற்பது, எப்போது பால் எடுப்பது, எப்போது நிறுப்பது என்பதெல்லாம் பிறர் கட்டளை. வேலை முடிந்தபின் மீதியிருந்த பொழுதுக்கும் தோட்டமே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. அதற்குப் பெயர் கள்ளுக்கடை. கொடுத்த கூலியில் ஒரு பகுதி அந்தியிலேயே திரும்பிப் போயிற்று. மனிதனுடைய உழைப்பை மாத்திரமல்லாமல், அவன் ஓய்வையும் எசமானரே நடத்தினர் என்று இதற்குப் பொருள். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். அதனோடு கள்ளுக்கடைகளை மூடும்படி கேட்டார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக அனுமதி கேட்டார்கள். துரைமார் முன்னும் தோட்ட உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமையும் கேட்டார்கள். பின்னைய மூன்றும் வயிற்றைப் பற்றியவை அல்ல. வேலை நேரத்துக்கு வெளியே தாங்கள் யார் என்பதைப் பற்றியவை. தன் பொழுதில், தன் வண்டியில், தன் இஷ்டப்படி போகிற மனிதனாகத் தன்னை மதிக்க வேண்டும் என்பதே அக்கோரிக்கைகளின் சாரம். அந்த உத்தியோகஸ்தர் வரிசையில் கிராணிமாரும் இருந்தார்கள் என்பதை, அவ்வேலையைச் செய்யும் நான் மறைக்கப் போவதில்லை.

கிராணி வேலையில் கண்ட இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். விடுமுறை கேட்டு வரும் விண்ணப்பங்களில் காரணம் என்ற கட்டம் ஒன்று உண்டு. வருஷக்கணக்காக அவற்றைப் படித்து வந்திருக்கிறேன். மரணம், கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, கோயில் திருவிழா, பிள்ளையின் பள்ளிக்கூடம் ஆகிய இவையே மாறி மாறி வரும். 'ஓய்வுக்காக' என்றோ, 'கடற்கரைக்குப் போக' என்றோ எழுதியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆண்டு விடுமுறை சட்டம் அளித்த உரிமையாயிருந்தும், அதைப் பிறர் துன்பத்தையோ பிறர் விசேஷத்தையோ சாக்காகக் காட்டியே கேட்கிறோம். தனக்காக ஒரு நாள் வேண்டும் என்று சொல்ல ஒரு தொழிலாளிக்கு நாக்கு எழவில்லை. அப்படிக் கேட்பது திருட்டுக்குச் சமானம் என்று அவனுக்குள்ளே ஏதோ ஒன்று சொல்கிறது. சட்டத்தால் நீங்காத அடிமைத்தனம் என்று ஒன்று இருக்குமானால், அது இதுவே.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. கூலியோடு கூடிய விடுமுறை என்பது பழங்காலத்திலிருந்து வந்த தர்மம் அன்று. தொழிலாளர் போராடிப் பெற்றது. 1936-இல் பிரெஞ்சு நாட்டில் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப்பின் லியோன் புளூம் அரசாங்கம் தொழிலாளர் யாவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் கூலியோடு விடுமுறை என்று சட்டம் செய்தது. ரயில் கட்டணமும் அவர்களுக்காகக் குறைக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளர் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டது அந்தக் கோடையில்தான். கனவான்கள் சிலர் தங்கள் கடற்கரை அசுத்தமாகிவிட்டது என்று முகஞ்சுளித்தார்கள். அதே 1936-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஆண்டுக்குக் குறைந்தது ஆறு வேலைநாள் கூலியோடு விடுமுறை வேண்டும் என்று ஒப்பந்தம் ஏற்படுத்தியது. 1938-இல் பிரிட்டனும் சட்டம் இயற்றியது. 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 24-ஆம் பிரிவு, ஓய்வும் ஒழிவும் ஒவ்வொரு மனிதனுக்கும் உரிமை என்று அறிவித்தது. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 12 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலுமானால் 16 நாளும் கூலியோடு விடுமுறை உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்து வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நேரம் அறவே இல்லை என்று எல்லாரும் சொல்லிவிட முடியாது.

"நேரம் இருக்கலாம், பணம் எங்கே?" என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. இதை அலட்சியம் செய்பவன் ஏழ்மையை அறியாதவன். பொது விடுமுறை நாளில் வேலைக்குப் போனால், அந்நாளுக்குரிய கூலியோடு மேலும் இரண்டு நாட்கூலி கிடைக்கும் என்று சட்டம் சொல்கிறது. வீட்டுக் கடனும், பிள்ளையின் கட்டணமும், தாயின் மருந்தும் காத்திருக்கையில், அந்தக் கூலியை விட்டுவிட்டுக் கடலைப் பார்க்கப் போ என்று எவரும் யாருக்கும் உபதேசம் செய்ய முடியாது. ஒருவன் தன் விடுமுறையை விற்றுத் தீரவேண்டிய நிலை வந்தால், அங்கே திருத்த வேண்டியது அவன் மனத்தை அன்று, அவன் கூலியைத்தான். ஆனால் மனமறிந்து ஒன்றைச் சொல்வோம். தீபாவளிக்குப் பட்டாசு வாங்கவும், காதுகுத்துக்குப் பந்தல் போடவும், பிறந்தநாளுக்கு மண்டபம் எடுக்கவும் கடன் வாங்கத் தயங்காத நாம், பத்து மைலில் காசு கேட்காமல் கிடக்கும் கடலுக்குப் போக மாத்திரம் பணமில்லை என்கிறோம். ஊர் பார்க்கச் செலவழிப்பது கௌரவம். நாம் இளைப்பாறச் செலவழிப்பது வீண் என்றல்லவா இதற்குப் பொருள்?

இது கிடக்க. வேறொரு சாரார், "உழைப்பே உயர்வு தரும், உல்லாசம் ஒழுக்கத்தைக் கெடுக்கும்" என்பார்கள். அவர்களில் தாராள மனமுடையோர், "ஓய்வு வேண்டியதுதான், ஓய்ந்து வந்தால் மறுநாள் நன்றாக வேலை செய்யலாமே" என்று இறங்கி வருவார்கள். இவ்விரண்டாம் கூற்று முதலாவதைவிட நயமாக இருப்பதால் அதிக ஆபத்தானது. மறுநாள் வேலைக்காகவே ஓய்வு என்றால், மனிதனுக்கும் யந்திரத்துக்கும் என்ன வித்தியாசம்? யந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறார்கள். மாட்டுக்குப் புல் போடுகிறார்கள். மனிதனைக் கடற்கரைக்கு அனுப்புகிறார்கள் என்று ஆகிவிடும். பெர்ட்ராண்ட் ரஸ்ஸல் 1932-இல் சோம்பலைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையில், வேலையே புண்ணியம் என்ற கொள்கையை உலகிற்குப் போதித்தவர்கள் தாங்கள் வேலை செய்யாதவர்கள் என்பதை எடுத்துக்காட்டி, நாளொன்றுக்கு நான்கு மணி நேர வேலையே போதும் என்று வாதாடினார். அவர் கணக்கை ஒப்புக்கொள்ளாதவர்களும் அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். வாழ்வதற்காக வேலையா, வேலைக்காக வாழ்வா? வாழ்வதற்காகவே வேலை என்றால், அந்த வாழ்வு எந்நாளில், எவ்விடத்தில் நடைபெறுகிறது என்று நாம் காட்ட வேண்டாமா?

என் கருத்து இதுதான். கட்டளையிடுவோர் ஒருவரும் இல்லாத பொழுதில் ஒருவன் என்ன செய்கிறான் என்பதே அவன் வளர்ந்தவனா என்பதற்குச் சோதனை. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உண்டு பழகியவனுக்கு, மணியில்லாத ஒரு நாளைக் கொடுத்தால் அவன் திகைக்கிறான். திகைப்பைத் தாங்காமல் குடிக்கிறான். அல்லது கைப்பேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறான். அல்லது ஒலிபெருக்கியை அலறவிடுகிறான். கடற்கரை அந்தத் திகைப்பை மறைக்க விடாத இடம். அங்கே நிரை இல்லை, வேலி இல்லை, எதிரே முடிவும் இல்லை. அதனாலேயே பெரியவர்கள் பழக வேண்டிய பள்ளிக்கூடம் அது.

அங்கே செய்யத்தக்கவை என்னவென்று இனிக் கூறுவேன். முதலாவது, நீரில் இறங்குதல். நம்மில் வளர்ந்தவர் பலருக்கு நீந்தத் தெரியாது. பெண்கள் நிலைமை இன்னும் மோசம். நீச்சல் பிள்ளைப் பருவத்தில்தான் வரும் என்பது மூடநம்பிக்கை. இடுப்பளவு நீரில், தெரிந்தவர் ஒருவர் துணையோடு, மல்லாந்து மிதக்கக் கற்பதற்கு வயது தடையில்லை. பயிற்சியுள்ள ஒருவரை வைத்துக்கொண்டு இதைக் கற்பது, பல கோயில் யாத்திரைகளைவிடக் குடும்பத்தைக் காக்கும். ஏனெனில் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் மாத்திரம் நீரில் மூழ்கி மாண்டவர் சுமார் 3,00,000 பேர். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால், கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்கக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு விலகியபின் கரை சேர வேண்டும். குடித்தபின் நீரில் இறங்கவே கூடாது. இவ்விரண்டையும் ஒவ்வொரு தகப்பனும் தாயும் அறிந்திருப்பது, பிள்ளைகளைக் கரையிலிருந்து அதட்டிக்கொண்டிருப்பதைவிடப் பெரிய காவல்.

இரண்டாவது, காணுதல். நம் மலாக்கா மாநிலத்துக் கரையில் உலகம் வியக்கத்தக்க காட்சிகள் இரண்டு உண்டு. தஞ்சோங் துவான் என்ற மலைமுனை, நாலுபுறமும் நெகிரி செம்பிலானும் கடலும் சூழ்ந்திருந்தாலும், மலாக்காவுக்குச் சொந்தமான நிலம். பழைய கலங்கரை விளக்கம் நிற்கும் அந்த முனையில், மார்ச்சு மாதத்தை ஒட்டி, தேன்பருந்துகள் ஆயிரக்கணக்கில் சுமத்திராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்து சேர்கின்றன. நிலத்தின் மேல் எழும் வெப்பக்காற்றில் மிதந்து செல்லும் அப்பறவைகளுக்குக் கடலின் மேல் அந்த உதவி கிடையாது. ஆகையால் மிக ஒடுங்கிய இடம் பார்த்துக் கடந்து, களைத்துத் தாழப் பறந்து, கரைக்காட்டை அடைகின்றன. மற்றொன்று, பெங்காலான் பாலாக் அருகே பாடாங் கெமுந்திங் கரை. அழுங்காமைகள் இரவில் கரையேறி மணலைத் தோண்டி நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டுச் செல்கின்றன. மீன்வளத் துறையார் அவற்றைப் பாதுகாத்துக் குஞ்சு பொரிக்கச் செய்கிறார்கள். மலேசியத் தீபகற்பத்தில் அழுங்காமை முட்டையிடும் கரைகளில் மலாக்காவே தலையாயது. அந்த ஆமைக்கு வெளிச்சமும் கூச்சலும் ஆகா. அதைக் காண விரும்புகிறவன் விளக்கை அணைத்து, வாயை மூடி, இருட்டில் காத்திருக்க வேண்டும். தன் இஷ்டத்தை அடக்கிக்கொண்டு பிற உயிருக்கு இடம் கொடுக்கும் இக்காரியம் வளர்ந்தவர்களால்தான் செய்யக்கூடியது.

மூன்றாவது, பேசுதல். கணவனும் மனைவியும் வீட்டில் பேசுவதெல்லாம் அரிசி, வாடகை, பிள்ளை, மாமியார். கடற்கரையில் கோவலனும் மாதவியும் என்ன செய்தார்கள்? யாழை எடுத்து ஆளுக்கொரு பாட்டுப் பாடினார்கள். அவன் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக அவள் எண்ணினாள். அவள் பாட்டில் வேறொருவன் இருப்பதாக அவன் எண்ணினான். நேரே கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் சந்தேகம், குறிப்பிலே பேசியதால் பிரிவாயிற்று. இதை ஊழ்வினை என்று காவியம் சொல்லட்டும். மனம் விட்டுப் பேசாமையின் வினை என்று நாம் எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஓய்வு மாத்திரம் இருந்தால் போதாது. அந்த ஓய்வில் ஒருவரையொருவர் சமமாக வைத்து நேராகப் பேசத் தெரிய வேண்டும். பேசியபின் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும் தெரிய வேண்டும்.

இங்கேதான் இக்கட்டுரையின் முக்கியமான கேள்விக்கு வருகிறோம். கடற்கரைக்குப் போன பெண் ஓய்வெடுத்தாளா? தோட்டத்தில் ஆணுக்குச் சமமாகப் பால் வெட்டியவள் அவள். வேலை முடிந்து அவன் கள்ளுக்கடைக்குப் போனபோது அவள் அடுப்படிக்குப் போனாள். இன்று பட்டணத்தில் ஆலை வேலைக்குப் போகிறாள். ஷிப்டு முடிந்து அதே அடுப்படிக்கு வருகிறாள். சட்டம் கொடுத்த விடுமுறை முதலாளியிடமிருந்து கிடைக்கும். வீட்டிலிருந்து அவளுக்கு விடுமுறை கொடுப்பது யார்? கடலோரத்துக்கு அவளை அழைத்துச் சென்று, அங்கேயும் பத்துப் பேருக்குப் பரிமாற வைப்பது ஓய்வு அன்று. அடுப்படியை மணலுக்கு மாற்றியதே. அவள் நீரில் இறங்கினால் "வயதான காலத்தில் என்ன ஆட்டம்?" என்கிறார்கள். இளம்பெண் இறங்கினால் மானம் போயிற்று என்கிறார்கள். மாசி மகத்தில் ஈரச்சேலையோடு ஆயிரம் பேர் நடுவே குளித்தால் புண்ணியம். தன் மகிழ்ச்சிக்காகத் தக்க உடையணிந்து குளித்தால் பாவமா? சாமியின் பெயரைச் சொன்னால் சுத்தமாகிற தண்ணீர், பெண்ணின் சந்தோஷத்தைச் சொன்னால் அசுத்தமாகிவிடுமா? பகுத்தறிவுள்ளவர்கள் பதில் சொல்லட்டும்.

ஆகையால் நான் சொல்லும் சட்டம் மிக எளியது. கடற்கரைக்குப் போகும் நாளில் சமையல் ஆண்கள் பொறுப்பு. இயலாதவர்கள் கடையில் பொட்டலம் வாங்கட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதை மணிக்கணக்குப் போட்டு மாற்றி மாற்றிச் செய்யட்டும். அம்மாவும் அத்தையும் பாட்டியும் நடக்க விரும்பினால் நடக்கட்டும். படுக்க விரும்பினால் படுக்கட்டும். அலையில் நிற்க விரும்பினால் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். எழுபது வயதில் முதல்முறையாகக் காலில் அலை பட்டுச் சிரிக்கும் பாட்டியை எள்ளி நகையாடுகிறவன், அவள் எழுபது வருஷம் எங்கே நின்றாள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

குடியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒழுக்க நூல் ஓதுவது என் வேலையன்று. ஆனால் வருஷத்தில் இரண்டு நாள் தனக்கென்று கிடைக்கும்போது, அந்த இரண்டு நாளும் தான் அங்கே இல்லாமல் இருக்க ஒருவன் பணம் கொடுப்பானேயானால், அதைவிட நஷ்ட வியாபாரம் உலகில் இல்லை. முன்பு எசமானர் நம் ஓய்வைக் கள்ளுக்கடைக்குள் அடைத்தனர். இன்று அடைப்பவர் ஒருவருமில்லை. நாமே கதவைத் திறந்து உள்ளே போகிறோம்.

கடைசியாக, கடல் யாருக்கு என்பதையும் நினைக்க வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாட்டு நீச்சல் சங்கங்கள் சில வெள்ளையருக்கே உரியனவாயிருந்தன. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர் கொண்டுபோகப்பட்ட நேட்டாலில், கடற்கரையே நிறவாரியாகப் பங்கிடப்பட்டது. 1953-இல் செய்த சட்டம் அப்பிரிவினைக்கு அரண் செய்தது. டர்பன் கரையில் இந்தியர் இன்ன இடத்தில்தான் குளிக்கலாம் என்று பலகை நட்டிருந்தார்கள். கறுப்பரும் இந்தியரும் கலப்பினத்தவரும் தடையை மீறி இறங்கிப் போராடிய பின்னரே 1989-இல் கரைகள் யாவருக்கும் திறக்கப்பட்டன. 1990-இல் அச்சட்டமும் ஒழிந்தது. அலையில் கால் நனைப்பதற்காகவும் மனிதர் அடிபட்டிருக்கிறார்கள் என்பதை அறிந்தால், கடற்கரை விடுமுறையை அற்ப விஷயம் என்று நாம் சொல்லமாட்டோம். நம் மலாக்காவில் பலகை இல்லை. ஆனால் கடலை மண் கொட்டி நிரப்பியதில் பழைய நகரக் கரை இன்று கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது. ஊஜோங் பாசிரில் போர்த்துகீசியர் குடியிருப்பு மீனவருக்குக் கடல் தூரமாகிவிட்டது. இதைப் பற்றிக் கவலைப்படுவதும் கடலோரத்தில் பெரியவர்கள் செய்யவேண்டிய காரியங்களில் ஒன்று.

அன்றியும், நாம் தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பவளும், குப்பையை அள்ளுகிறவனும், இன்று நம் பழைய தோட்டங்களில் குலை வெட்டுகிறவனும் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்தவர்கள். நம் பாட்டன் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். நம் ஓய்வுக்காக அவர்கள் ஓய்வைத் தின்றோமானால், நாம் பெற்றது விடுதலை அன்று. எசமானர் நாற்காலியில் ஓர் இடமே. மணலில் போட்ட குப்பையை நாமே எடுத்து வருவதும், பணி செய்பவரை மரியாதையோடு அழைப்பதும், அவர்களுக்கும் விடுமுறை வேண்டும் என்று வாய் திறந்து சொல்வதும் மிகச் சிறிய காரியங்களே. ஆயினும் அவற்றைச் செய்யாதவன் ஓய்வைப் பற்றி உரிமை பேசத் தகுதியற்றவன்.

தோழர்களே! அடுத்த முறை விடுமுறை விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டம் வந்தால், சாவையும் சடங்கையும் தேடாமல், 'ஓய்வு' என்று இரண்டு எழுத்து அதிகப்படாமல் எழுதுங்கள். அம்மூன்றெழுத்துச் சொல்லை எழுதக் கூசாத கையே சுதந்திர மனிதனுடைய கை. மனைவியின் விண்ணப்பத்திலும் அதே சொல்லை எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குள் அவள் எழுதாமலே கேட்கும் விண்ணப்பத்துக்கும் கையெழுத்துப் போடுங்கள். கடல் பத்து மைலில் இருக்கிறது. அது யாருடைய பெயரையும் கூப்பிட்டுக் குறித்துக்கொள்வதில்லை.